அறுவடைக் காலத்தில் ஆசிரியர் எங்கே?

தாமிரபரணிக் கரையில் மாசி பிறந்துவிட்டால் உழவனுக்கு உறக்கம் கிடையாது. பிசானம் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும் வேளை அது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் ஊட்டி வளர்த்த பயிர் களத்துக்கு வந்து சேர வேண்டிய வேளை. அந்த நேரம் பார்த்து, “வயலை அப்படியே போட்டுவிட்டு வேறு வேலைக்கு வா” என்று ஒருவர் அழைத்தால் உழவன் போவானா? போனால்தான் ஊர் சும்மா இருக்குமா?

நெல்லுக்குச் செய்யத் துணியாத அந்தக் கொடுமையைப் பிள்ளைகளுக்கு இந்த நாடு ஆண்டு தவறினாலும் ஆண்டு தவறாமல் செய்து வருகிறது. செய்துவிட்டு, “பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லையே!” என்று ஒப்பாரியும் வைக்கிறது.

பள்ளிக்கூடத்திற்கும் ஒரு பிசானம் உண்டு. அதற்கு மூன்றாம் பருவம் என்று பெயர். 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தது. ஆண்டு முழுவதற்குமான புத்தக மூட்டையை மூன்றாகப் பிரித்து, பிஞ்சு முதுகின் பாரத்தை இறக்கி வைத்த நல்ல ஏற்பாடு அது. ஜூனில் தொடங்கும் முதற் பருவம் விதைப்பு. அதனை அடுத்த இரண்டாம் பருவம் களையெடுப்பு. ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும் மூன்றாம் பருவம்தான் அறுவடை.

அறுவடை என்று நாம் சொல்வது வெறும் உவமைக்காக அல்ல. முதல் வகுப்பில் ‘அ’ என்னும் எழுத்தின் சுழியைப் பிடிக்கத் திணறிய பெண், ஐந்தாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் ஒரு முழுப் பக்கத்தைத் தானே படித்து, படித்ததைத் தன் சொல்லில் சொல்லியாக வேண்டும். கூட்டலும் கழித்தலும் கற்ற பையன், பின்னத்தையும் வகுத்தலையும் கைவசப்படுத்தியாக வேண்டும். ஏன் ‘ஆக வேண்டும்’ என்று அழுத்திச் சொல்கிறோம்? கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளை பேருந்து ஏறி, ஸ்ரீவைகுண்டம் போன்றதொரு ஊரின் பெரிய பள்ளியில், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவே, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்து போகும் வகுப்பில் உட்காரப் போகிறது. அங்கே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தால் காத்திருப்பார் யாருமில்லை. விட்டதைப் பிடிக்கத் தொடக்கப் பள்ளியில் கிடைக்கும் கடைசித் தவணை இந்த மூன்றரை மாதம்தான்.

சரி, அந்தப் பருவத்தில் நல்லதொரு நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு எப்படி நடக்கிறது? ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.

காலையில் முதலில் வயிறு. 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கிய நாடு, 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசரின் கையால் மதிய உணவைப் பரிமாறத் தொடங்கியது. 1982இல் அது எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தது. உதவி பெறும் பள்ளிகள் ஊருக்கு ஊர் நிறைந்த இந்தத் தென்கோடிச் சீமையில் அந்த விரிவாக்கத்தின் அருமை அடுப்பங்கரைக்குத் தெரியும். விடியுமுன் வாழைத் தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகும் தாய், பிள்ளை வெறும் வயிற்றோடு போயிற்றே என்று இனி ஏங்க வேண்டியதில்லை.

வயிறு நிறைந்த பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், ஒரு நாளிதழ்ச் செய்தி. வகுப்பில் நுழைந்ததும் வருகைப் பதிவு. 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்ளவும், இன்று வெயிலா மேகமா மழையா என்று வானத்தைப் பார்த்து அட்டவணையில் குறிக்கவும் பழக்கிற்று. சின்ன வேலைதான். ஆனால், ‘என்னைச் சரிபார்க்க வாத்தியார் பிரம்பு வேண்டாம், நானே போதும்’ என்னும் தன்மதிப்பு அந்தச் சின்ன வேலையில்தான் முளைவிடுகிறது. பிறகு வாய்ப்பாடு. பிறகு வாசிப்பு. ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகப் பிரித்த குட்டிப் புத்தகங்கள் 2023இல் வாசிப்பு இயக்கத்தின் வழியே பள்ளிக்கு வந்தன. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கென்றே ‘ஊஞ்சல்’ என்னும் இதழ் இருக்கிறது. பங்குனி வெயில் ஏற ஏறத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணி அடிக்க வேண்டும். மரத்தடி நிழலுக்கு வகுப்பை மாற்ற வேண்டும். கடினமான கணக்கை வெயிலுக்கு முன் காலையிலும், கதையையும் கைவேலையையும் பிற்பகலிலும் வைக்க வேண்டும்.

இதெல்லாம் சடங்கு என்று எண்ணுபவர்கள் உண்டு. சடங்கல்ல! வீட்டில் நேரம் என்று ஒன்று இல்லாத பிள்ளைக்கு, நாளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டுவது இந்த நடைமுறை ஒன்றுதான். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சியும் தந்தையின் நூலகமும் துணை நிற்கும். கூலிக்காரன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து மணிதான் துணை. அந்த மணி தவறினால் அதற்கு வேறு நாதியில்லை.

இந்தப் பருவத்தில் பாடம் சொல்லிக் கொடுக்க ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தைவிட வளமான கரும்பலகை எங்கே கிடைக்கும்? கணக்குப் பாடமா? களத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்று நெல்லைச் சீமை அளந்த அளவைத் தாத்தாக்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அதைக் கிலோவாக்கிப் பார்க்கட்டும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாட்டி சொல்லும் சொற்களே பின்னத்தின் முதற் பாடமாகும். வீசம் என்றால் பதினாறில் ஒன்று என்று தெரிந்த பிள்ளை பின்னக் கணக்கைக் கண்டு மிரளாது.

வரலாற்றுப் பாடமா? கூப்பிடு தூரத்தில் ஆதிச்சநல்லூர். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தாழிகளைத் தோண்டி எடுத்த பறம்பு. இன்னொரு பக்கம் சிவகளை. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல் உமி 3,200 ஆண்டுப் பழமை உடையது என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குப் பின்னோக்கிச் செல்கிறது என்று 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு ஆய்வு முடிவை வெளியிட்டது. தன் தகப்பன் இன்று அறுக்கும் நெல்லுக்கு மூவாயிரத்து இருநூறு ஆண்டுப் பட்டயம் பக்கத்து மேட்டில் புதைந்து கிடந்தது என்பதை, அறுவடை நடக்கும் மாதத்திலேயே அந்தப் பிள்ளைக்குச் சொன்னால், அது மறக்குமா? ஆயுளுக்கும் மறக்காது.

எல்லாம் சரி. சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே!

இங்கேதான் நோய் இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டே ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! கிராமத்துப் பள்ளிகள் பலவும் இந்த ஈராசிரியர் பள்ளிகளே. அதே சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாட்கள், 800 மணி நேரப் பாடம் என்று வரையறுக்கிறது. நாளொன்றுக்கு 4 மணி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே. இரண்டு ஆசிரியர்களின் 4 மணி நேரத்தை ஐந்து வகுப்புகளுக்குச் சரிசமமாகப் பங்கிட்டால், ஒரு வகுப்புக்கு ஆசிரியரின் நேர்முகம் கிடைப்பது 96 நிமிடம். மற்ற நேரம் பிள்ளைகள் தாமாகவே எழுதிக்கொண்டும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். திறமையான ஆசிரியர் அதையும் பயனுள்ளதாக ஆக்கிவிடுவார். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கும், 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. பல நிலைப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து நடத்தும் கலையை எளிதாக்கவே அது முயல்கிறது. ஆனால், அந்த இருவரில் ஒருவரை வெளிவேலைக்கு இழுத்துவிட்டால்? 96 நிமிடம் 48 ஆகிறது! தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்களுக்கும் சேர்த்து 48 நிமிடம். பாடத்துக்குப் பத்து நிமிடம்கூட இல்லை.

1953இல் இராசகோபாலாச்சாரியார் அரசு தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. நாடு பொங்கி எழுந்தது. ‘குலக்கல்வி’ என்று அதற்குப் பெயர் சூட்டித் தெருத்தெருவாக எதிர்த்தது. அடுத்த ஆண்டே முதலமைச்சர் மாறினார், திட்டம் கைவிடப்பட்டது. மூன்று மணியாகச் சுருக்கியதற்கே அத்தனை கொந்தளிப்பு! இன்றோ, அரசாணை ஏதுமின்றி, அறிவிப்பு ஏதுமின்றி, ஒரு கிராமத்து ஐந்தாம் வகுப்பின் பாட நேரம் 48 நிமிடமாகக் கரைகிறது. கேட்பார் இல்லை. அன்று வெளிப்படையாகப் பிடுங்கினார்கள், தடுத்தோம். இன்று மணல் போல விரலிடுக்கில் வழிகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எந்த வெளிவேலை என்று கேட்கலாம். நாட்காட்டியை எடுங்கள். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்த நாட்களைப் பாருங்கள். 2011 ஏப்ரல் 13, 2014 ஏப்ரல் 24, 2016 மே 16, 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. ஆறு பொதுத் தேர்தல்களில் ஐந்து ஏப்ரலில்! வாக்குப்பதிவு ஒரு நாள்தானே என்பீர்கள். பயிற்சி வகுப்புகள், பட்டியல் சரிபார்ப்பு, வீடு வீடாகச் சீட்டு வழங்கல், பொருட்களைப் பெறுதல், ஒப்படைத்தல் என்று அதற்கு முன்னும் பின்னும் எத்தனை நாள்! அத்தனையும் மாசியிலும் பங்குனியிலும்.

தேர்தல் போதாதென்று மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. 2011இல் தலைகளை எண்ணியது பிப்ரவரியில்தான். தள்ளித் தள்ளிப் போன அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. அதற்கான எண்ணிக்கையும் பிப்ரவரிக்கே குறிக்கப்பட்டது. மறுபடியும் மூன்றாம் பருவம்! உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு வந்தால், அங்கே படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அறையும் கிடைப்பதில்லை, ஆசிரியரும் கிடைப்பதில்லை.

“சட்டத்திலேயே இடம் இருக்கிறதே” என்று வாதிடுவோர் உண்டு. உண்மை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியரைக் கல்வியல்லாத பணிக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு, மூன்றுக்கு மட்டும் விலக்குத் தருகிறது: பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். ஆனால், விலக்கு என்பது வரம்பற்ற உரிமை ஆகிவிடுமா? வாக்காளர் பட்டியல் திருத்தத்தையும் தேர்தல் வேலையையும் ஆசிரியர்களுக்கு விடுமுறை நாட்களிலும் பாடமில்லாத நாட்களிலுமே தர வேண்டும், பாட நாளில் பாட நேரத்தில் சாதாரணமாக அவர்களை அழைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே தீர்ப்பளித்திருக்கிறதே! அந்தத் தீர்ப்பை எந்த அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நாம் வினவுகிறோம்.

நம்மை எவரும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். தேர்தல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாக்குரிமையின் வழியே எளியவன் தலை நிமிர்ந்தான் என்பதை நாம் மறப்போமா? கணக்கெடுப்பும் வேண்டும். நம்மில் யார் எத்தனை பேர், யாருக்கு எது கிட்டவில்லை என்று தெரிந்தால்தானே பங்கு கேட்க முடியும்? பேரிடரிலும் பள்ளிக்கூடம் கைகொடுக்கத்தான் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டதை நாடே பார்த்தது. அவர்களில் சுமார் 300 பேருக்கு அடைக்கலம் கொடுத்தது அருகிலிருந்த ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக் கட்டடத்துக்கு நாம் தலை வணங்குகிறோம்.

ஆனால், அந்த வெள்ளத்துக்குப் பின் வந்த மூன்றாம் பருவத்தை எண்ணிப் பாருங்கள். புத்தகம் நனைந்தது, சீருடை போயிற்று, வீடு சேறாயிற்று. தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வு ஜனவரியைத் தின்றது. மீண்டு எழும் முன்பே ஏப்ரலில் மக்களவைத் தேர்தல். அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் யார்? முதல் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகப் பள்ளிக் கதவு பூட்டப்பட்டது. தொடக்க வகுப்புகளுக்கு அது திறந்தது 2021 நவம்பர் 1 அன்று, அவர்கள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது. முதல் வகுப்பின் அறுவடை போயிற்று. இரண்டாம் வகுப்பு முழுவதும் போயிற்று. ஐந்தாம் வகுப்பின் அறுவடையும் வெள்ளத்தோடு போயிற்று. இயற்கை செய்ததை நாம் தடுக்க முடியாது. இயற்கை விட்டுவைத்ததையும் நாமே எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

இந்த நோய்க்குச் சிலர் ஒரு மருந்து சொல்கிறார்கள். தேர்வு வையுங்கள், தேறாதவனை நிறுத்துங்கள் என்பதே அந்த மருந்து. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று தமிழ்நாட்டில் ஆணை பிறந்தது. பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தார்கள், 2020 பிப்ரவரி 4 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவரை நிறுத்தலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. மறுத்தது முறையே. தண்ணீர் பாய்ச்சாதவன், பயிர் வளரவில்லை என்று பயிரைத் தண்டிப்பதா? பத்து வயதுப் பிள்ளையைத் தேர்வில் தோற்றவன் என்று முத்திரை குத்தினால் அது மறு ஆண்டு பள்ளிக்கு வராது; சூளைக்கும் பனங்காட்டுக்கும் போகும். பங்குனியில் பதநீர் இறங்கும் காலம். உதவிக்கு ஒரு கை கிடைத்தால் வேண்டாம் என்று வறுமை சொல்லுமா?

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேர்வு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. நிறுத்தாமல் மேலே அனுப்புவது, கற்பித்து மேலே அனுப்புவதற்கு ஈடாகாது. வடிகட்டாதே என்று குரல் கொடுத்த நாம், கற்றுக்கொடு என்றும் அதே குரலில் கேட்டாக வேண்டும். அதற்குத்தான் மூன்றாம் பருவம் வேண்டும், ஆசிரியர் வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் பேசாத பிள்ளையாக இருந்தார் என்றும், திருச்செந்தூர் சந்நிதியில் நாத் திறந்தார் என்றும் மரபுக் கதை சொல்கிறது. நம்புவோர் நம்பட்டும். நமக்கு அதிலே தெரியும் செய்தி வேறு. பேசாத பிள்ளையைப் பெற்றவர்கள் பயனற்றது என்று தள்ளிவிடவில்லை. இன்று வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குள் எத்தனை ஆற்றல் இருக்கிறதோ, யார் கண்டார்? அதன் நாவைத் திறக்க அற்புதம் வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்கும் ஓர் ஆசிரியர் போதும். அவரை அங்கேயே இருக்க விடுங்கள்!

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒன்று: ஈராசிரியர் பள்ளிகளின் ஆசிரியரை ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாட நாளில் எந்த வெளிவேலைக்கும் அழைக்கக் கூடாது. அழைத்தே தீர வேண்டுமென்றால், அன்று காலை மணி அடிக்கும்போது மாற்று ஆசிரியர் வகுப்பில் நிற்க வேண்டும். இரண்டு: தேர்தலுக்கும் கணக்கெடுப்புக்கும் மற்றத் துறை ஊழியர்களையும், ஓய்வு பெற்றவர்களையும், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களையும் உரிய ஊதியத்துடன் பயன்படுத்த வேண்டும். மூன்று: பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வகுப்புகளின் எண்ணிக்கையையும் பார்த்து ஆசிரியரை நியமிக்க வேண்டும். ஐந்து வகுப்புக்கு இருவர் என்பது கணக்கிலும் தவறு, நியாயத்திலும் தவறு. நான்கு: பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மை. மூன்றாம் பருவத்தில் எத்தனை நாள் எத்தனை ஆசிரியர் வகுப்பில் இருந்தனர் என்று அந்தக் குழு மாதந்தோறும் கணக்குக் கேட்க வேண்டும். கேட்டதை ஊர் அறியப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

முதல் மூன்றும் ஆளவந்தார் செய்ய வேண்டியவை; ஆட்சி யாருடையதாயினும் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். நான்காவதோ, தோழர்களே, நம் கையிலேயே இருக்கிறது. அதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம். மடையில் தண்ணீர் வராவிட்டால் நள்ளிரவிலும் மண்வெட்டியோடு கிளம்பும் ஊர் நம் ஊர். கால்வாயில் தண்ணீர் குறைந்தால் அதிகாரியின் வாசலில் நூறு பேர் நிற்கிறோம். வகுப்பில் ஆசிரியர் குறைந்தால் அந்த நூறு பேரில் பத்துப் பேராவது தலைமையாசிரியரின் வாசலுக்கும், அவர் கையில் அதிகாரம் இல்லையென்றால் கல்வி அலுவலரின் வாசலுக்கும் போக வேண்டாமா?

நெல் ஒரு பூ தவறினால் மறு பூவில் விளையும். பிள்ளைக்குப் பத்து வயது ஒரு முறைதான் வரும்.